ஆப்பாவின் அளவு ஜாக்கெட்

எங்கள் கடையில் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு ஐந்து மெஷின்களும் ஒன்றாக நிற்கும். தொழுகைக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு நேரம். நாலரைக்கு நிற்பது ஆப்பாவுக்காக. சுவரில் மாட்டியிருக்கும் டிவியில், பாகிஸ்தான் சேனல் ஒன்றில் ஆப்பா வருவார். உருதுப் பேச்சில் ஆப்பா என்றால் அக்கா. சரசரக்கும் சேலை, காதில் ஜிமிக்கி, உதட்டில் அடர்ந்த சாயம். சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மந்திரிகளையும் கிரிக்கெட் ஆட்டக்காரர்களையும் பேட்டி எடுப்பார். குரல் மட்டும் கொஞ்சம் கட்டை. ஆப்பா ஓர் ஆண்பிள்ளை. அது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறார்கள்.

நான் துபாய் அல் குசைஸில் ஒரு லேடீஸ் டெய்லரிங் கடையில் ஒன்பது வருஷமாக மெஷின் மிதிக்கிறேன். ஊர் அருப்புக்கோட்டை. இந்தக் கடையிலும் ஒரு விநோதம் உண்டு. பெண்களுக்கு மட்டுமே தைக்கிற ஐந்து ஆண்கள் நாங்கள். ஒரு பெண்ணின் தோளில் கூட நாங்கள் டேப் வைத்ததில்லை. திரைக்கு வெளியே நின்று அளவு ஜாக்கெட்டை நீட்டுவார்கள். அதை மேஜையில் விரித்து அளந்து, அதே போல் தைத்துக் கொடுப்போம். ஊரிலும் பாதிப் பேர் இப்படித்தான் கொடுப்பார்கள். ஆக, ஒரு உடம்புக்கு ஜாக்கெட் வேண்டும் என்றால் அதற்கு முன்னால் யாரோ ஒருவர் அந்த உடம்பை அளந்து ஒரு ஜாக்கெட் தைத்திருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் ரஃபீக் பாய் பாகிஸ்தானில் பைசலாபாத்காரர். வயது ஐம்பதுக்கு மேல், தங்கமான மனுஷன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர். ஆப்பா என்றால் அவருக்கு உயிர். ஒருநாள் ஆப்பா ஒரு மந்திரியிடம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே, "உங்க தொகுதியில பெண் பிள்ளைங்க பள்ளிக்கூடம் மூணு வருஷமா பூட்டிக் கிடக்காமே, சாவி தொலைஞ்சு போச்சா, இல்ல மனசு வரலியா?" என்று கேட்டார். மந்திரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுப் பதிலும் சொன்னார். ரஃபீக் பாய் தொடையைத் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நாங்கள் பேசுவதெல்லாம் இந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மணி பாய், இதே கேள்வியை ஒரு நிஜமான பொம்பள கேட்டிருந்தா, 'போய் அடுப்படியைப் பாரு'ன்னு சொல்லியிருப்பான். ஒரு ஆம்பள கேட்டிருந்தா அவன் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். ஆப்பா கேட்டா சிரிக்கிறான். எங்க நாட்டுல உண்மையைச் சொல்லணும்னா சேலை கட்டிக்கணும்."

அடேயப்பா என்று இருந்தது எனக்கு. எந்தப் பேராசிரியரும் ஒரு நாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அவரே இன்னொன்றும் சொன்னார். அவர் ஊர்ப் பக்கம் கல்யாண வீட்டில் ஆட திருநங்கைகளைக் கூப்பிடுவார்களாம். பிள்ளை பிறந்தால் அவர்கள் கையால் ஆசீர்வாதம் வேண்டுமாம். அரசாங்க அடையாள அட்டையிலேயே அவர்களுக்கென்று தனி இடம் உண்டாம். "ஆனா பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தா தெருவே கூடிடும்" என்றார், சாக்கட்டியால் துணியில் கோடு போட்டுக்கொண்டே.

ஒரு அரபி அம்மா ஒருமுறை ஆப்பா நேரத்தில் கடைக்கு வந்தார். டிவியை நிமிர்ந்து பார்த்து, இங்கே எல்லோரும் பேசுகிற அரைகுறை இந்தியில், அந்தப் பெண் போட்டிருக்கிற கழுத்து மாதிரியே தனக்கும் வேண்டும் என்றார். "மேடம், அது பெண் இல்லை, ஆண்" என்றேன் தயங்கித் தயங்கி. நான் ஏதோ அந்தத் தையல் வராது என்று சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "மாஃபி முஷ்கில், பரவாயில்ல, கழுத்து நல்லா இருக்கு" என்று அளவு உடுப்போடு துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் தைத்துக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், சட்டையும் ஜீன்ஸும் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் கடைக்குள் வந்து, இந்தியன் டெய்லர் யார் என்று கேட்டார். புருவம் மட்டும் வரைந்தது போல் மெலிந்திருந்தது. வாயைத் திறந்ததும் மெஷின்கள் தாமாக நின்றன. டிவிக்குள் இருந்த குரல் கடைக்குள் நின்றுகொண்டிருந்தது.

ஆளாளுக்கு செல்போனைத் தூக்கினார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். துபாயில் ஏதோ பாகிஸ்தான் விழாவைத் தொகுத்து வழங்க வந்திருந்தார். அதற்குக் கோட்டு சூட்டுதான். "இங்க நான் போட வேண்டிய வேஷம் அது" என்று சிரித்தார். அவர் ஊரில் சேலை கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம், ஜாக்கெட் வெட்டத் தெரிந்த கை கிடைப்பதில்லையாம். அடுத்த படப்பிடிப்புக்கு இரண்டு ஜாக்கெட் வேண்டும். பையிலிருந்து ஒரு பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்து வைத்தார். அக்குளில் இரண்டு முறை பிரித்துத் தைத்திருந்தது. "இது எங்க அம்மாவோடது. இதைத்தான் பிரிச்சு பிரிச்சுப் போட்டுட்டு இருக்கேன். தோள் பிடிக்குது. எனக்குன்னு ஒண்ணு அளந்து தைங்க."

அளப்பது மாஸ்டர் வேலை. நான் ரஃபீக் பாயைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் முன்னால் ஆப்பா தோளோடு தோள் உரசி போட்டோ எடுத்துக்கொண்ட மனுஷன், கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி என் மேஜையில் போட்டார்.

"நீயே எடு" என்றார் மெதுவாக. "டிவியில பார்க்கிறது வேற. இது குடும்பங்க வர்ற கடை."

ஆப்பாவுக்குக் கேட்டிருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், அளவுக்கு நின்று பழகியவர் போல. நான் தோளில் டேப்பை வைத்தேன். ஆணின் தோள், அகலம். மார்புக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும், கை வந்து சேர்கிற முண்டா வளைவை இறக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷ வேலை. அவர் பேச்சுக்குக் கேட்டார், வீட்டில் யார் யார் என்று.

"அம்மா, அப்பா, ஒரு தம்பி" என்றேன்.

சொன்ன வாயை அப்படியே தைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. எனக்குத் தம்பி இல்லை. பவித்ரா என்று ஒரு தங்கை இருக்கிறாள். பத்தொன்பது வயது வரை அவளைப் பாண்டி என்று கூப்பிட்டோம்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கடை வைத்திருந்த காலம். ஆடி மாதம், கடை நிறையப் பெண்கள். பவித்ரா பேண்ட் சட்டையோடு வந்து, தாமரைக் கலரில் ஒரு மீட்டர் ஜாக்கெட் துணியைக் கவுண்டரில் வைத்தாள். "அண்ணே, எனக்கு ஒண்ணு தைச்சுக் குடுண்ணே" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். நான் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "மொதல்ல ஆம்பளையா இருக்கப் பழகு, போடா" என்று கத்தினேன். பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வாரமே அவள் வீட்டை விட்டுப் போனாள். "அது இந்த வாசப்படி மிதிச்சா நான் இருக்க மாட்டேன்" என்றார் அப்பா. கவுண்டரில் கிடந்த துணியை நான் என்ன செய்தேன் தெரியுமா? துண்டு துண்டாக வெட்டி, மற்றவர்கள் ஜாக்கெட்டுக்குக் கழுத்துப் பட்டி வைத்தேன். அருப்புக்கோட்டையில் எத்தனை பேர் கழுத்தில் என் தங்கையின் துணி கிடந்ததோ, எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்து வரும். ஒன்றுக்கும் நான் பதில் போட்டதில்லை.

அளவெடுத்து முடித்ததும் ஆப்பா ஒன்று சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். "எங்க அம்மா தினம் என் நிகழ்ச்சியைப் பார்ப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க வந்தா சேனலை மாத்திடுவாங்க. நானாவது வேஷத்தைக் கலைச்சுட்டு ஆம்பளையா வெளிய வந்துடுவேன். தப்பிச்சேன். கலைக்க வேஷமே இல்லாதவங்க கதி என்னன்னு யோசிங்க." போய்விட்டார்.

அவர் படி இறங்கினாரோ இல்லையோ, ரஃபீக் பாய் அந்த டேப்பைக் காட்டி, "அதைக் கழுவிடு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அவர் மேல் மட்டுமா? அருப்புக்கோட்டைக் கடையில் கத்தினானே, அந்த மணி மேலும்தான். டேப்பை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "தினம் நாலரைக்கு ஆப்பா, ஆப்பான்னு உருகுறீங்களே பாய், அக்கா கடைக்கு வந்தா டேப்பைக் கழுவணுமா? டிவி கண்ணாடிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அக்காவா? இந்த டேப்பைக் கழுவ மாட்டேன். உங்களால ஆனதைப் பாருங்க" என்றேன். ரஃபீக் பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எனக்கு மூணு பொண்ணுங்க இருக்காங்க, மணி. கல்யாணம் பண்ணணும்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. என் அப்பா சொன்னதும் அதேதான். இவருக்கு மூணு பெண்கள், அப்பாவுக்கு மானம் மரியாதை.

இதைப் படிக்கிற நம்மூர்க்காரர்களே, பாகிஸ்தான்காரனைப் பற்றித்தானே என்று சாய்ந்து உட்காராதீர்கள். நம் டிவியைத் திறந்து பாருங்கள். நைட்டி மாட்டிக்கொண்டு, கொண்டை வைத்துக்கொண்டு ஆண்கள் வரிசையாக வருகிறார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். அந்த ஊர் ஆப்பாவாவது பூட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். நம் ஆட்கள் இடுப்பை ஆட்டி அடி வாங்குவதோடு சரி. திருநங்கை என்று அழகாக ஒரு பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் எந்த வீட்டுக்குள் நுழைய முடிகிறது? சிரிக்க வேண்டும், ஆனால் சொந்தம் கொண்டாடக் கூடாது. கராச்சிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் வேலி போட்டவர்கள் இந்த விஷயத்தில் போட மறந்துவிட்டார்கள்.

இரண்டு ஜாக்கெட்டையும் நானே தைத்தேன். ஹூக் வைத்து முடித்த அன்று ரஃபீக் பாய் என் மேஜைக்கு வந்தார். ஜாக்கெட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தார், தோள் மூட்டில் விரலை ஓட்டினார். "தோள் நல்லா உட்காரும்" என்றார். பிறகு தானே அயர்ன் பாக்ஸைச் சூடு பண்ணி, இரண்டையும் தேய்த்து, மடித்துக் கவரில் போட்டார். மன்னிப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பவித்ராவுக்குப் போன் போட்டேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாளாம். மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. தெரிந்தது தொழில் ஒன்றுதான்.

"உனக்கு ஜாக்கெட் தைக்கணும். ஒரு அளவு ஜாக்கெட் அனுப்பி வை."

"என்கிட்ட ஏதுண்ணே அளவு ஜாக்கெட்? ரெடிமேடுதான் போடுறேன். எந்த டெய்லர்ட்ட போனாலும் அளவெடுக்க மாட்டேங்காங்க. பொம்பள டெய்லரும் தொட மாட்டேங்குது, ஆம்பள டெய்லரும் தொட மாட்டேங்கான்." பிறகு கேட்டாள். "நீ தொடுவியாண்ணே?"

ரொட்டி கையிலேயே இருந்தது. அழுதேன். ரஃபீக் பாய் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார், மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று.

சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். பெரியப்பா, சித்தி, மச்சான், மாமன் என்று நாற்பது பேர் இருக்கிற குரூப். "அடுத்த மாசம் லீவுல வாரேன். என் தங்கச்சி பவித்ராவும் கூட வருவா. நம்ம வீட்டு முன் ரூம்ல வச்சு அவளுக்கு அளவெடுக்கப் போறேன். பிடிக்காதவங்க அன்னைக்கு வராதீங்க." எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் விழுந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும், முக்கால் மணி நேரம் கழித்து, தனியாக எனக்கு ஒரு வரி அனுப்பினாள். எழுத்துக்கூட்டி அனுப்பியிருந்தாள். "அவளுக்கு தாமரை கலர்தான் புடிக்கும்."

அப்பா கதவைச் சாத்துவார். சாத்தட்டும். வாசலில் நிறுத்தி அளவெடுப்பேன். தெரு பார்க்கட்டும்.

எங்கள் கடை அளவு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். முந்தின பக்கத்தில் ஆப்பாவின் அளவு, அடுத்த பக்கத்தில், மறுபடி தைக்க வந்த அந்த அரபி அம்மாவின் அளவு. நடுப் பக்கத்தில் தமிழில் பவித்ரா என்று எழுதி, கீழே தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று வரிசையாக எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நோட்டு துபாயில் இருக்கிறது. எழுத வேண்டிய அளவு மதுரையில் இருக்கிறது. தாமரைக் கலரில் ஒரு மீட்டர் துணியும் வாங்கி என் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அந்த டேப்பை இன்னும் கழுவவில்லை.