பாதையோரப் பச்சை

பீன்சுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். குவெம்பே பள்ளத்தாக்கில் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவளும் மறுத்ததில்லை. புருஷன் ஏரியில் மீன்பிடிப் படகுக்கு வேலைக்குப் போனவன். வருவதும் வராததும் அவன் இஷ்டம். நிலம் அவள் பாடு.

அந்த வருஷம் மழை விதைக்கிற வரைக்கும் பெய்துவிட்டு நின்றுபோனது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே பூவெடுத்து, அப்படியே காய்ந்து சருகானது. ஊர் கையைக் கழுவிவிட்டது. பீன்சு மட்டும் விடவில்லை. அவளுக்குத் தார்ச்சாலைக்கும் மணலாற்றுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் இருந்தது. ஆற்று மணலைத் தோண்டி, ஊறுகிற கலங்கல் தண்ணீரைச் சுரைக்குடுக்கையால் மொண்டு, வாளியில் நிரப்பித் தலையில் சுமந்து, செடிக்குச் செடி ஊற்றினாள்.

ஆடு ஓட்டிக்கொண்டு போகும் கொழுந்தன் ஹமூங்கா நின்று வேடிக்கை பார்ப்பான்.

"என்ன அண்ணி, பயிருக்குத் தாய்ப்பால் குடுக்கறீங்களா?"

"ஆமாடா. கதிர் கேட்டு என் வாசலுக்கு வருவேல்ல, அன்னைக்கு இந்தச் சிரிப்பையும் கூட்டிக்கிட்டு வா."

மார்ச் மாதத்தில் வெள்ளை வண்டி ஒன்று சாலையோரம் வந்து நின்றது. இறங்கிய இரண்டு அதிகாரிகள் பயிர் நிலவரம் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஊர்த்தலைவர் பக்கத்து ஊருக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார். அதிகாரிகளில் மூத்தவர் பீன்சுவின் கதிர் ஒன்றின் மேல்தோலை உரித்து மணிகளை நகத்தால் அழுத்திப் பார்த்தார். மற்ற நிலமெல்லாம் ஆற்றுக்கு அப்பால். வண்டி மணலில் புதைந்துவிடும் என்றான் டிரைவர்.

"அந்தப் பக்கமும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார் மூத்தவர்.

கொஞ்சம் தள்ளிக் கம்பை ஊன்றிக்கொண்டு ஹமூங்கா நின்றான். பீன்சு அவனைப் பார்த்தாள். வாய் முந்திக்கொண்டது.

"பாடுபட்டவங்களுக்கு விளைஞ்சிருக்குங்க. சோம்பேறிக்கு எந்த வருஷம் விளைஞ்சது?"

அதிகாரிகள் சிரித்தார்கள். கதிரைக் கையில் கொடுத்து அவளைப் படம் பிடித்தார்கள். ஹமூங்கா காறித் துப்பிவிட்டு ஆடுகளோடு நடந்தான்.

கதிர் முற்றிக் காய்கிற சமயத்தில் நிவாரண லாரிகள் அந்தச் சாலை வழியாகவே அடுத்தடுத்த ஊர்களுக்குப் போயின. இங்கே ஒன்றும் நிற்கவில்லை. தலைவர் பீன்சுவையும் கூட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனார்.

"உங்க பக்கம் விளைச்சல் சுமார். தாக்குப்பிடிப்பாங்கன்னுதான் முடிவு பண்ணியிருக்கு" என்ற அதிகாரி, படத்தைத் திருப்பிக் காட்டினார். "இது நீங்கதானே?"

"நாந்தான் ஐயா. அது என் துண்டு மட்டும். ஆத்துக்கு அந்தப் பக்கம் மாடு மேயக்கூட ஒண்ணும் இல்ல. வந்து பாருங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. இப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு."

திரும்பும் வழியில், ஊர் தெரிய ஆரம்பித்ததும் தலைவர் சொன்னார்: "வண்டி புதையும்னா அவங்களுக்குக் கால் இல்லையா? நடந்து வாங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பீன்சு."

மறுநாள் காலையில் பெண்கள் கூடைகளோடு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் ஹமூங்காவின் மனைவி முவிண்டே.

"அக்கா, இந்தச் சோளத்தக் காட்டித்தான் எங்களுக்கு இல்லேன்னுட்டாங்க. அப்ப இது எங்களுதுதானே?"

பதில் நாக்கு நுனி வரை வந்தது. முவிண்டேயின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது.

"பறிச்சுக்குங்க" என்றாள்.

வெயில் ஏறுவதற்குள் நிலம் மொட்டையானது. வீட்டுக்கு ஒரு கை என்று பங்கு போட்டால் எத்தனை நாளைக்கு வரும்? கடைசியில் ஓரத்து வரிசை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு முவிண்டே சொன்னாள்: "இது உனக்கு அக்கா. நீயும் இந்த ஊர்தானே."

தான் சுமந்த தண்ணீரில் விளைந்ததை இன்னொருத்தி தர்மம் போலக் கொடுக்க, பீன்சு வாங்கிக்கொண்டாள்.

பிறகு ஊரே புளியையும், அதன் புளிப்பை முறிக்கச் சாம்பலையும் கரைத்துக் கஞ்சி வைத்தது. காட்டுக் கிழங்கை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைக்க வேண்டும். விஷம் இறங்கும்வரை பசித்த பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. அக்டோபர் வெயிலில் ஹமூங்காவின் கடைசிப் பெண், நடக்கப் பழகியவள், அந்தக் கிழங்கைத் தின்று செத்துப்போனாள்.

துக்க வீட்டில் பீன்சுவை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவள் தண்ணீர் எடுத்து வந்தாள், பானைகளைத் தேய்த்தாள், வந்தவர்கள் கலைகிறவரை குனிந்த தலை நிமிரவில்லை. முவிண்டே அவள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை.

நவம்பரில் மழை நன்றாகவே பிடித்தது. எந்த வருஷமும் தன் நிலத்தோடு அவள் நிலத்தையும் சேர்த்து உழுகிற ஹமூங்கா, இந்த முறை தன் வரப்போடு மாட்டைத் திருப்பிக்கொண்டு போனான். கேட்டிருந்தால் உழுதிருப்பான். பீன்சு கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஈர மண்ணில் இறங்கினாள்.