ருசி பார்த்துப் போட்ட படம்

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து ஊரில் அமுதவல்லி அங்கன்வாடி டீச்சர். சோறு வெந்து இறக்கியதும் முதல் கரண்டி அவள் வாய்க்குப் போக வேண்டும், அதற்கப்புறம்தான் பிள்ளைகளுக்கு. அது வேலையின் விதி. பதினாறு வருஷமாகச் செய்து செய்து அவளுக்கு அது ஊறிப்போய்விட்டது. வீட்டில் சினிமாவுக்கும் அதே சட்டம்தான்.

எந்தப் படமானாலும் முதலில் அவள் தனியாகப் பார்ப்பாள். பழைய டைரியில் குறித்துக்கொள்வாள்: முப்பத்தி நாலாவது நிமிஷம் முத்தம், ஐம்பதாவது நிமிஷம் குடி, கெட்ட வார்த்தை இரண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் இரண்டு பிள்ளைகளோடு டிவி முன்னால் உட்காரும்போது ரிமோட் அவள் மடியில் இருக்கும். நிமிஷம் வந்ததும் படம் தாவும். எட்டாவது படிக்கும் ரஞ்சித்துக்குச் சண்டை இருந்தால் போதும், கவலைப்பட மாட்டான். பிளஸ் ஒன் படிக்கும் கவியாதான் கோபித்துக்கொண்டாள். "நீ வெட்டினது போவ மிச்சம் டைட்டிலுதாம்மா இருக்குது" என்று எழுந்து போனவள், ஏழு மாசமாக அந்தப் பக்கமே வரவில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு உள்ளறையில் செல்போனே கதி என்று கிடந்தாள்.

அமுதவல்லிக்கு அது பொறுக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் புருஷன் ஆனந்தன் ஓட்டிய மினி லாரி மலைப்பாதை வளைவில் உருண்டது. அதோடு அவன் போய்விட்டான். வீட்டில் மிச்சம் மூன்று பேர். அதில் ஒன்று கதவைச் சாத்திக்கொண்டால் அது வீடா? மகள் ஒரு ஞாயிறாவது பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அப்போதுதான் அங்கன்வாடி உதவியாளர் சாந்தம்மாள் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னாள். "கொலைதாங்க டீச்சர், ஆனா சிரிச்சி சிரிச்சி வயிறு நோவுது. யாரு கொன்னான்னு கண்டுபுடிக்கிறதுக்குள்ள இன்னா கூத்துங்க!"

வளரும் பிள்ளைகளை உட்காரவைத்துக் கொலைப்படம் காட்டலாமா? சனிக்கிழமை செல்போனில் பார்க்க ஆரம்பித்தாள். எவனோ பாயசத்தில் விஷம் வைக்கிறான், ஒரு பணக்காரர் அதை மூக்கு முட்டக் குடித்துவிட்டுச் சாகிறார். ரத்தம் இல்லை, முத்தமும் இல்லை. தனியாக உட்கார்ந்திருந்தவள் இரண்டு தடவை வாய்விட்டே சிரித்துவிட்டாள். இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது, டவர் போய்விட்டது. இவ்வளவு பார்த்தது போதும் என்று விட்டுவிட்டாள். மேலாக ஒரு கரண்டி எடுத்தால் உப்பு தெரியாது, அடிவரை கிளறிவிட்டு எடு என்று சாந்தம்மாளைத் தினமும் கடிந்துகொள்பவள் செய்த காரியம் இது!

ஞாயிற்றுக்கிழமை உள்ளறைக் கதவைத் தட்டிப் படத்தின் பேரைச் சொன்னாள். கவியா இயர்போனைக் கழற்றினாள்.

"அதுவா? நீ முழுசா பாத்துட்டியா?"

"பாதிதான் பாத்தேன். அதுக்குள்ள டவர் பூட்ச்சி. வர்றியா?"

கவியா அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "வர்றேன். ஆனா ரிமோட் என்கிட்டதான் இருக்கணும்."

அமுதவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேறு நாளாக இருந்தால் முடியாது என்றிருப்பாள். மகள் வருகிறேன் என்கிறாளே! கொடுத்துவிட்டாள்.

மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். நடுவில் வறுத்த வேர்க்கடலை. ரஞ்சித் உருண்டு உருண்டு சிரித்தான், கவியாவும் சிரித்தாள். அமுதவல்லி படத்தைவிட மகளைத்தான் அதிகம் பார்த்தாள். இடைவேளை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு மலைப்பாதை வந்தது. வளைவில் லாரி ஒன்று திரும்பியது. அமுதவல்லியின் கையில் கடலை அப்படியே நின்றது. அதற்குள் படம் தாவிவிட்டது.

"இன்னாத்துக்குக்கா ஓட்டிவுட்ட?" என்று கத்தினான் ரஞ்சித்.

"அம்மாக்கு ஆவாது, வுடுடா."

அமுதவல்லி மகள் பக்கம் திரும்பினாள். "நீ இத்த முன்னாடியே பாத்துட்டியா?"

"போன வாரமே பாத்துட்டேன். ஒரு மணி நாப்பத்தி ஒண்ணுலேர்ந்து மூணு நிமிஷம். லாரி உருளுது, அத்த வெச்சி காமெடி பண்றானுங்க. படவேட்டுக் கோயிலுக்குப் போவும்போது அப்பா லாரி உருண்ட வளைவு வந்தா நீ பஸ்ல குனிஞ்சிக்குவியேம்மா. அதான் ரிமோட்ட கேட்டேன்."

அந்த வளைவு வரும்போதெல்லாம் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வது அவள் வழக்கம். பிள்ளைகளுக்கு அது தெரியாது என்றே மூன்று வருஷமாக நினைத்திருந்தாள். அழுகை வந்தது, அழுதாள். ரஞ்சித் கடலைத் தட்டைத் தள்ளிவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பின்னால ஓட்டு" என்றாள்.

"வேணாம்மா."

"மூணு நிமிஷந்தான? நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான கீறீங்க. ஓட்டு."

கவியா படத்தைப் பின்னால் கொண்டுபோனாள். லாரி உருண்டது. மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த மூன்று நிமிஷத்தையும் கண்ணை மூடாமல் பார்த்தாள் அமுதவல்லி. அந்தக் காமெடிக்கு மூன்று பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் கொலைகாரன் பிடிபட்டபோது மூன்று பேருமே சிரித்தார்கள்.