பால் கேன் மறைத்த கதிர்

பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். என்னை நம்பி வண்டியில் ஒரு விஞ்ஞானப் பெட்டியை ஏற்றிய புண்ணியவதி, திருப்பதியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும், நகரி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு பெண். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே இருக்கும் கதிர்வீச்சை அந்தப் பெட்டி அளக்குமாம். காலையில் சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதி. சாயங்காலம் அதே வழியில் திரும்புவது. ஒரு வாரத்துக்கு இதுதான். பெட்டி தானாகவே குறித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது மட்டும் என் வேலை. அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வராது.

முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அண்ணா, வண்டித் தகரம் கொஞ்சம் கதிரைத் தடுக்கும். நீங்களும் கொஞ்சம் தடுப்பீங்க. அதெல்லாம் கணக்குல சேத்துட்டேன். வேற யாரையும் ஏத்தாதீங்க, எதையும் வெக்காதீங்க."

"நான் கூடவா தடுப்பேன்?"

"ஒடம்புல பாதிக்கு மேல தண்ணிதானேண்ணா."

என் தொப்பைக்குத் தாராளமாகவே இடம் ஒதுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இருபது வருஷம் ஷேர் ஜீப் ஓட்டியவன் நான். காலி சீட்டோடு போனால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும். ரோட்டோரம் யாராவது கையை நீட்டினால், என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதிக்கும். புத்தலப்பட்டில் ஒரு பால்காரர் நீட்டினார்.

"இன்னாப்பா, காலியாதான போய்க்கினு கீற? சந்திரகிரில எறக்கி வுட்டுடு."

இறக்கிவிட்டேன். தினமும். அவருடைய இரண்டு கேன்களையும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் அண்டை கொடுத்து நானே வைத்தேன். கேனும் உருளவில்லை, பெட்டியும் ஆடவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சியதில்லை.

வாரக் கடைசியில் அந்தப் பெண் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"சாயங்காலம் சரியா வருதுண்ணா. காலைல மட்டும் இந்தக் கோடு புத்தலப்பட்டுல எறங்குது, சந்திரகிரில ஏறுது. அதே ரோடு, அதே மண்ணு. மிஷின் கெட்டுப்போச்சு. நாளைக்கு திருப்பி அனுப்பணும். இன்னொண்ணு குடுக்க மாட்டாங்க. என் படிப்பு அவ்ளோதான்."

எட்டிப் பார்த்தேன். எழுத்து தெரியாத எனக்கே அந்தக் கோடு புரிந்தது. இந்த இடத்தில் பால்காரர் ஏறுகிறார், அந்த இடத்தில் இறங்குகிறார். பேசாமல் இருந்தால் நான் தப்பித்துவிடலாம். ஆனால் பழி அந்தப் பெட்டி மேல் விழும், பெட்டிக்கோ வாய் கிடையாது.

"மிஷின் நல்லாதாம்மா கீது. கெட்டது நான்தான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

கோபம் அவருக்குத் தெலுங்கில் வந்தது. பாதியில் நான் "ஆனா பாலு ஒரு சொட்டு கூட சிந்தலம்மா" என்றேன். "நோரு முய்யண்ணா!" என்றார். வாயை மூடினேன். திட்டி முடித்து, மூச்சு வாங்கி, தமிழுக்குத் திரும்பினார்.

"தெனமும் அதே கேனா? அதே எடத்துலயா வெச்சீங்க?"

"ரெண்டு கேனு, அதே எடம். வெள்ளிக்கெழம மட்டும் மூணு. அன்னிக்கி கல்யாண ஆர்டராம்."

"அப்போ எவ்ளோ தடுக்குதுன்னு அளந்து பாத்துட்டா, அதைத் திருப்பிச் சேத்துடலாம்."

மறுநாள் காலை புத்தலப்பட்டில் வண்டியை ஓரங்கட்டினோம். காலி வண்டியில் முதலில் அளந்தார். பிறகு பால்காரர் ஒரு கேனை வைத்தார், எண் குறைந்தது. இன்னொரு கேன்; இன்னும் குறைந்தது. கடைசியில் பால்காரரையே உட்காரவைத்தார்.

"கொறையுதுண்ணா! கோட்டுல இருக்கிற மாதிரியே கொறையுது!" என்று குதித்தார்.

பால்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. இறங்கி வந்து என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்தார்.

"கவர்மெண்ட் பெட்டியாப்பா?"

"அளக்கிற பெட்டிபா" என்றேன். பொய் சொல்லவில்லை.

"ஒரு சொம்புதாம்பா ஊத்தினேன். அதுவும் வடிகட்டின தண்ணி. அந்தப் பொண்ணாண்ட நீயே சொல்லிடு நைனா."

பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. அதே ரோட்டில் இன்னொரு வாரமும் ஓட்டினேன், காலி வண்டியாகவே. நான் திருந்திவிட்டேன் என்று அந்தப் பெண் நினைக்கிறார். உண்மையில், என் ஜீப்பைத் தூரத்தில் பார்த்ததுமே பால்காரர் கேன்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்.