கருப்பியோடு தூங்கிய குட்டிகள்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சிந்துஜா குட்டியின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுத்தக் கூடாது. தாய் நக்குகிற மாதிரி மேலிருந்து கீழாக, விடாமல் துடைக்க வேண்டும். பிறந்து நாலு நாள்கூட ஆகாத புள்ளிமான் குட்டி, ஆட்டுப்பாலைக் குடித்துவிட்டு முழங்கால் நடுங்க நின்றிருந்தது. பாலூட்ட எல்லாரும் ஆசையாக வருவார்கள், போட்டோகூட எடுத்துக்கொள்வார்கள். ஆனால் உள்ளே போனது வெளியே வராவிட்டால் ஊட்டியது வீண். கைக்குழந்தையைப் பார்த்தவர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும். தாய் நக்கிவிட்டால்தான் மான்குட்டிக்குச் சிறுநீர் இறங்கும். இதன் தாயை அன்று காலையில்தான் கிரிவலப் பாதை ஓரத்தில் நாய்கள் குதறிப் போட்டிருந்தன.

முதலில் இரண்டு சொட்டு. பிறகு நன்றாகவே போனது. சிந்துஜா துணியைப் பக்கெட்டில் போட்டாள். ஒரு சத்தமும் காட்டவில்லை. முகத்தில் சாக்குத்துணி கட்டியிருந்தாள். குட்டியின் முன்னால் வாயைத் திறப்பதில்லை என்பது அவளே போட்டுக்கொண்ட விதி.

குட்டியைத் தன் ஆட்டோவில் ஏற்றிவந்த அருள்ராஜ், அவள் வெளியே வரும்வரை வேலிக்கு அப்பால் நின்றிருந்தான்.

"என்னா ஃபாரின் ரிட்டர்ன், கொள்ளக்காரி மாதிரி மூஞ்சிய மூடினு சுத்தற?"

"மனுசன் மூஞ்சி அதுக்குப் பழகக் கூடாது. குரலும் பழகக் கூடாது. நாளைக்கு மலைக்குப் போவணும் இல்ல?"

"வாயத் தொறக்காத பொண்ணு! உன்னக் கட்டிக்கப் போறவன் குடுத்து வெச்சவன்."

"போய் சவாரியப் பாருண்ணா."

சிந்துஜா அடி அண்ணாமலைக்காரி. அப்பா சடையனுக்குக் கிரிவலப் பாதையில் டீக்கடை. பௌர்ணமி வந்தால் இரண்டு நாளைக்கு அடுப்பு அணையாது. அவள் விலங்கியல் படித்தாள். படித்ததற்கு வேலை கிடைக்கவில்லை. ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் இரண்டு வருஷம் சாவி எடுத்துக் கொடுத்தாள். அங்கே தங்கியிருந்த தென்னாப்பிரிக்க அம்மாள் ஒருத்தி, மின்கம்பியில் அடிபட்ட குரங்குக்கு இவள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டதைப் பார்த்துவிட்டு, தன் ஊருக்குப் பக்கத்தில் தாயில்லாத மான்குட்டிகளை வளர்க்கும் பண்ணை ஒன்று இருக்கிறது, பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆறு மாசம், சாப்பாடும் படுக்கையும் அவர்கள் பொறுப்பு என்றாள். வீட்டிலிருந்த கறவை மாடு விமான டிக்கெட் ஆனது.

பண்ணையில் எட்டு நாட்டிலிருந்து எட்டுப் பேர். முதல் ஒரு மாசம் சாணி அள்ளுவதுதான் பாடம் என்றார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாந்தி எடுக்க, இவள் விடிவதற்குள் நாலு கொட்டிலையும் கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாளே குட்டிகள் அறைக்குள் அனுப்பிவிட்டார்கள். பாட்டிலை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எடை எப்படிப் பார்ப்பது, குடிக்காத குட்டிக்குக் குழாய் எப்படி இறக்குவது என்று எல்லாவற்றையும் கையால் செய்து கற்றாள். பார்த்ததை இருநூறு பக்க நோட்டில் எழுதினாள். குட்டிகள் அறையில் வயசான மஞ்சள் நாய் ஒன்று எப்போதும் படுத்துக் கிடக்கும். புதிதாக வந்த குட்டிகள் அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு தூங்கும். தனியாக விட்டால் முதல் வாரமே பயத்தில் செத்துப்போகிறவை, நாயோடு படுத்தால் பிழைத்தன. 'நாய் பக்கத்தில் படுத்தால் சூடு கிடைக்கும், பயம் குறையும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

திரும்பி வந்ததும் டாக்டர் சக்கரவர்த்தியிடம் சேர்ந்தாள். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். செங்கம் சாலையைத் தாண்டி, வனத்துறை அனுமதியோடு சின்னதாக ஒரு காப்பகம் நடத்திவந்தார். அடிபட்ட மயில், கடிபட்ட மான் என்று எது வந்தாலும் பார்ப்பார். கடிபட்ட மான்களில் சில பிழைத்தன. தாயில்லாத குட்டிகள் மட்டும் அவர் கையில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஆறு வந்து ஆறும் போயிருந்தன.

"ஒரே ஒரு குட்டி மலைக்குத் திரும்பிப் போனா போதும்மா. அப்புறம் நான் நிம்மதியா கண்ண மூடிடுவேன்."

"கண்ணத் தொறந்தே இருங்க சார். அப்பத்தான் பாக்க முடியும்."

அந்த ஒரே ஒரு குட்டியாக இது இருக்க வேண்டும் என்பதுதான் அவள் கவலை. பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும் என்று நோட்டில் 'ஒன்று' என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் நாளே 'ஒன்று' பாலைத் துப்பியது. மூலையில் ஒடுங்கி, காது சில்லிட்டுக் கிடந்தது. சிந்துஜா நோட்டைத் தேடவில்லை. அந்த வரி மனப்பாடம். காப்பகத்திலேயே இருந்த பெண்நாய் கருப்பியைக் கூட்டிவந்து வைக்கோலில் படுக்கவைத்தாள். வண்டியில் அடிபட்டு வந்து, குணமாகி, போக மனசில்லாமல் தங்கிவிட்ட நாய் அது. குட்டியை முகர்ந்தது. ஒரு பெருமூச்சு விட்டு வயிற்றைக் காட்டிச் சாய்ந்தது. அரைமணி கழித்துக் குட்டி அதன் வயிற்றில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கியது. சாயங்காலம் ஒரு பாட்டில் பாலும் இறங்கியது.

அதற்குப் பிறகு பயமில்லை. 'ஒன்று' தளிர் கடித்தது, எடை போட்டது, கருப்பியின் வாலைத் துரத்தியது. மார்கழியில் இன்னொரு குட்டி வந்தது. அது 'இரண்டு'. கருப்பி அதற்கும் வயிற்றைக் காட்டியது. ஒருநாள் சடையன் டீ கொண்டுவந்தபோது மூன்றும் ஒரே குவியலாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"பாரேன், கட்டிப்புடிச்சினு தூங்குதுங்க" என்று கிசுகிசுத்தான் அருள்ராஜ். "இது மலைக்குப் போனா அங்க கீற நாய்ங்களுக்கும் வணக்கம் வெச்சுட்டுப் போவுமா?"

டாக்டர் சிரித்தார். சடையன் சிரித்தார். சிந்துஜாவும் சாக்குத்துணிக்குள் சிரித்தாள். நாலு பேர் நின்ற இடத்தில் அடுத்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை.

தை கடைசியில், இடது காதில் சின்ன வெட்டு அடையாளத்தோடு, 'ஒன்றை' மலையடிவாரத்தில் விட்டார்கள். ஏழு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. 'ஒன்று' கொஞ்ச நேரம் யோசித்து நின்றது. பாறைக்குப் பின்னால் அருள்ராஜ் அடக்க முடியாமல் இருமினான். அவ்வளவுதான், ஒரே பாய்ச்சலில் அந்த ஏழோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

"ஆள் சத்தத்துக்கு ஓடுது சார்! ஓடுது!" என்று சிந்துஜா டாக்டரின் கையைப் பிடித்து உலுக்கினாள். டாக்டர் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொன்னார். அன்று சடையன் கடையில் யாரும் டீக்குக் காசு கொடுக்கவில்லை.

பங்குனி முடிந்து வெயில் ஏறியது. மலைமேல் தண்ணீர் வற்றி மான்கள் பாதையோரக் குட்டைக்கு இறங்கின. ஒருநாள் மதியம் ஒரு மணிக்கு அருள்ராஜ் போன் செய்தான். கிண்டல் இல்லை. "காதுல வெட்டு கீது, சிந்து. சீக்கிரம் வா."

அவள் போனபோது வனக்காவலர் நாய்களை விரட்டியிருந்தார். 'ஒன்று' குட்டையின் கரையில் கிடந்தது, மூச்சு இருந்தது. பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற காசியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"மத்ததெல்லாம் ஒரே ஓட்டமா ஓடிப்போச்சும்மா. இது மட்டும் ஓடல. ஓடு ஓடுனு கத்தறேன், கல்ல வுட்டு அடிக்கறேன். என்னப் பாத்து மெரண்டுதே தவிர நாயப் பாத்து மெரளல. அதுவா கிட்ட போச்சும்மா, மூஞ்சிய நீட்டினு. தெரிஞ்சவங்களப் பாக்கப் போற மாதிரி."

சிந்துஜா அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். துப்பட்டாவைக் கிழித்துத் தொண்டையில் அழுத்திக் கட்டினாள். அவளும் அருள்ராஜும் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். அவள் கீழே உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு மாசம் வாய் திறக்காமல் வளர்த்தவளுக்கு அப்போது அடங்கவில்லை.

"ஒண்ணுமில்லடா. நான்தான். நான்தான்டா."

மான் துள்ளி விலகப் பார்த்தது. இருந்த உயிரையெல்லாம் கூட்டி உதைத்தது. அந்தக் குரலை அது கேட்டதே இல்லை. அதற்கு அது ஒரு மனுஷக் குரல், அவ்வளவுதான். கட்டிய துணி நனைந்தது. சிந்துஜா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, தடவவும் இல்லை. செங்கம் சாலைத் திருப்பத்தில் அதன் தலை கனத்தது. அருள்ராஜ் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான்.

காப்பகத்து மேஜைமேல் வைத்து அவளே கழுவினாள். டாக்டர் ஒவ்வொரு காயமாகச் சொல்ல, அவள் எழுதினாள். தொண்டை. மார்பு. மூக்கு. இதுவரை அவள் தைத்த மான்களுக்கெல்லாம் கடி பின்தொடையில்தான் இருக்கும். ஓடுகிற மானை நாய் பின்னாலிருந்துதான் பிடிக்கும். இதற்குப் பின்னால் ஒரு கீறல் கிடையாது.

"நான்தான் சார் கொன்னேன்."

டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை. "நானும்தாம்மா பாத்துனு இருந்தேன். எனக்கும் தோணல."

தென்னாப்பிரிக்காவில் அந்தப் பண்ணையைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குத் தெருநாய் கிடையாது. அங்கே மானைத் தின்ன வந்தது சிறுத்தை. அங்கே செய்தது அங்கே சரி. அவள் கை சுத்தமாகக் கற்றுக்கொண்டு வந்து, அதை இங்கே பிசகாமல் செய்தது.

வனத்துறையினர் உடலை எடுத்துப்போய் எரித்தார்கள். இனி 'இரண்டு' இருந்தது. நாலு மாசக் குட்டி, ஆடியில் மலைக்குப் போக வேண்டியது. அது அந்த நேரத்தில் கருப்பியின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தது.

"மிருகக்காட்சி சாலைக்கு எழுதிக் கேக்கலாம்மா. கூண்டுன்னாலும் உயிரோட இருக்கும்."

"ஆடி வரைக்கும் டைம் குடுங்க சார். அதுக்கு மேல நீங்க சொல்றபடி."

"என்னா பண்ணப் போற?"

"தெரியல சார். நான் கத்துக்குடுத்தத நானே மறக்கடிக்கணும்."

இருட்டும் முன் சடையன் பிளாஸ்க்கோடு வந்தார். ரத்தம் காய்ந்த சுடிதாரைப் பார்த்தார். டீயை ஊற்றினார்.

"அந்த மாட்ட வித்துருக்கவே வேணாம்பா."

"மாடு போனா போவுது. குடி, ஆறிடும்."

அவள் கிளாஸை வாங்கி வைத்திருந்தாள். டீ ஆறியது. அவர் அதை ஊற்றிவிட்டு இன்னொன்று கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் சாக்குத்துணியைக் கட்டிக்கொண்டாள். காலி எண்ணெய் டின் ஒன்று, ஒரு தடி. முந்தின இரவே கருப்பியைப் பிரித்து வெளியே கட்டியிருந்தாள். அதை அவிழ்த்து வேலிக்குள் விட்டாள். வாலாட்டிக்கொண்டு நேராகப் போனது. குட்டி 'இரண்டு' காதை நிமிர்த்திக்கொண்டு எதிரே ஓடிவந்தது. ஒரு கை தூரம் இருக்கும்போது சிந்துஜா டின்னை ஓங்கி அடித்தாள்.

குட்டி எகிறிக் கோடிக்குப் பாய்ந்தது. கருப்பி தரையோடு பதுங்கி அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எழுந்து வாலாட்டியிருக்கும். வேலிக்குள் பேச்சு கிடையாது. சத்தம் அடங்கியதும் குட்டி மறுபடி கருப்பியை நோக்கி வந்தது. மறுபடி அடித்தாள். மூன்று தடவை, நாலு தடவை, ஐந்து தடவை.

ஏழாவது தடவை கருப்பி எழுந்து வெளியே போய், கதவோரம் படுத்து, முன்னங்காலில் முகத்தை வைத்துக்கொண்டது. கையைக் காட்டினாள், வரவில்லை. குட்டி வேலியருகே வந்து கம்பி வழியே அதை நோக்கி மூக்கை நீட்டியது.

சிந்துஜா டின்னைக் கீழே வைத்தாள். வெளியே போய்க் குனிந்தாள். நடுங்குகிற நாயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே இறக்கிவிட்டு, டின்னை எடுத்துக்கொண்டாள்.