சாவடி பறிக்காத சஞ்சிகை

ஜப்பானில் புத்தகம் வாங்கினால் கடைப் பிள்ளை "கபா?", உறை வேணுமோ, என்று கேட்கும். தலையாட்டினால் அட்டை மறையக் கடதாசி உறை போட்டுத் தரும். ரயிலில் யார் எதை வாசிக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. புத்தகத்துக்கு இவ்வளவு மரியாதையோ என்று முதலில் சிரித்தேன். பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போடப் புத்தகத்தையே கிழித்த வீட்டிலிருந்து வந்தவன் அல்லவா நான்!

சமாதானம் என்று வன்னிக்குப் பாதை திறந்த காலம். எங்கள் மாங்குளத்தில் என் சிநேகிதன் ரிஸ்வியின் வாப்பா இரும்புச் சாமான் கடை போட்டிருந்தார். ரிஸ்வி கிழமைக்கு ஒருக்கால் வவுனியாவிலிருந்து வருவான். இருவருக்கும் பதினேழு வயது. ஜப்பானில் பழைய வாகன வியாபாரம் செய்த அவனுடைய மாமா, டிவியில் பூட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டியொன்றும் அதற்கென்றே வந்த சஞ்சிகையொன்றும் கொடுத்திருந்தார். கடை ஜெனரேட்டர் ஓடும்வரை விளையாட்டு. ஜப்பான் எழுத்து விளங்காது. சஞ்சிகைப் படங்களைப் பார்த்துத்தான் எந்தக் கதவால் போவதென்று பிடிப்போம்.

ஒருமுறை அதை இரவல் வாங்கி வந்தேன். தை மாதம். பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அம்மா அதைக் கிழித்துத் தங்கச்சியின் கொப்பிகளுக்கு உறை போட்டுவிட்டா. அவவுக்கு அது வழுவழுப்பான கலர்த்தாள், வேறென்ன? அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "போட்டோக்கொப்பி எடுக்க வவுனியாவுக்குக் கொண்டுபோனனான் மச்சான், ஆமிச் சாவடியில பறிச்சுப்போட்டாங்கள்" என்றேன். வன்னியில் அந்தப் பொய்க்குச் சாட்சி தேவையில்லை. ரிஸ்வி சரி விடு என்றான்.

இப்போது நான் நகோயாவில், அகதி மனுவோடு, சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் நிற்கிறேன். போர் முடிந்து அம்மாவும் தங்கச்சியும் வவுனியாவில் முகாமுக்குள். கம்பிக்கு வெளியே நின்று அவர்களுக்குச் சாமான் கொடுக்கிறவன் ரிஸ்விதான். அவனுடைய குரலைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பொய்தான் நினைவுக்கு வரும்.

போன கிழமை பழைய புத்தகக் கடையில் அதே இதழைக் கண்டேன். விளையாடத்தான் தேடுகிறேன் என்று நினைத்துக் கடைக்காரக் கிழவர் பெட்டியையும் தூக்கி வந்தார். வேண்டாம் என்று கைகாட்ட, மனிதர் சஞ்சிகையின் சரித்திரத்தையே தொடங்கிவிட்டார். பெட்டி சந்தைக்கு வரமுதலே இதழ் வந்ததாம். மாதத்துக்கு இரண்டு, நல்ல தடிப்பாக. கம்பனி பெட்டி செய்வதை நிறுத்த, இதழும் மெலிந்து, பெயர் மாறி, நின்றுபோனதாம். எனக்குப் பாதி விளங்கியது. மீதியை விரலால் தடிப்புக் காட்டிச் சொன்னார். மாங்குளத்தில் நாங்கள் புதுச் சாமான் என்று குதித்த நாளில், இங்கே அதற்கு முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிந்திருந்தது.

அன்றே ரிஸ்விக்கு அழைத்தேன்.

"அந்தப் புத்தகம் சாவடியில போகேல்லயடா. வீட்டில கிழிஞ்சது. நான் பொய் சொன்னனான்."



"நான் போய்க் கேட்டனான்டா," என்றான்.

"ஆரிட்ட?"

"சாவடியில. மாமாட புத்தகம், திருப்பித் தாங்கோ எண்டு. என்ன ஜப்பான் புத்தகம், எதுக்கு உனக்கு எண்டு பின்னேரம் வரை வெயிலுக்க முழங்காலில வச்சிருந்தாங்கள்."

"ஐயோ, ஏனடா சொல்லேல்ல?"

"சொன்னா நீ கவலைப்படுவாய்."

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அதே இதழை இங்கே வாங்கிவிட்டேன், தபாலில் போடுகிறேன் என்று உளறினேன்.

"தபாலில வேணாம். நீயே கொண்டுவந்து தா. அந்தச் சாவடியடியில வச்சுத்தான் தரவேணும்."

கோபமா, வா என்ற அழைப்பா, தெரியவில்லை. மனு முடியுமுன் வெளிக்கிட்டால் இங்கே திரும்ப விடமாட்டார்கள். அங்கே இறங்கினால் என்னைச் சும்மா விடுவார்கள் என்றும் இல்லை. தொழிற்சாலைக்குப் போகும் ரயில்தான் விமான நிலையத்துக்கும் போகிறது. சஞ்சிகை தோள்பைக்குள் கிடக்கிறது. என் தரிப்பிடத்தில் கதவு திறக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு கணம் இருக்கையிலேயே இருந்து பார்க்கிறேன். கதவு மூடப்போகும் மணி அடித்த பிறகுதான் பாய்ந்து இறங்குகிறேன்.