மாப்பிள்ளை எழுதிய நாவல்

சினிமாவில் படித்த பெண் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாள். காரை அவளே ஓட்டி, தெருவில் போகிறவன் மேல் சேற்றை அடித்துவிட்டு, அவனையே ‘இடியட்’ என்று திட்டுவாள். இடைவேளைக்குச் சற்று முன் கதாநாயகன் அவள் கன்னத்தில் ஓர் அறை விடுவான். அதுவரை ஆங்கிலம் பேசியவள் அந்த ஓர் அறையில் தமிழுக்கு வந்துவிடுவாள். அடுத்த பாட்டில் புடவை, தலை நிறைய மல்லிகை.

நானும் படித்தவள்தான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. என்னிடம் காரும் இல்லை, கறுப்புக் கண்ணாடியும் இல்லை. நசரத்பேட்டையில் பஸ் ஏறி, உட்கார இடம் கிடைக்காமல் நின்றபடியே போய் பி.ஏ. முடித்தேன். என்னைப் போன்ற ஒருத்தியை எந்த டைரக்டரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அறைவதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார்.

பூந்தமல்லி தியேட்டரில் அந்த அறை விழும்போது கூட்டமே எழுந்து நிற்கும். விசில் அடிப்பவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஒருமுறை படம் விட்டு வரும் வழியில் கேட்டேன்.

“இன்னா நைனா, ஒரு பொண்ண அறைஞ்சதுக்கு அவ்ளோ குஷியா?”

“படம்டி அது. சும்மா ஜாலிக்கு. நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு வர?”

நாவல்கள் இன்னும் மோசம். சினிமாக்காரர்களாவது மூன்று மணி நேரத்தில் விட்டுவிடுவார்கள். தொடர்கதைக்காரர்கள் அதே அறையை ஒரு வருடம் இழுப்பார்கள். வேலைக்குப் போகிற பெண் என்றால் மேனேஜர் அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டாக வேண்டும். எதிர்த்துப் பேசுகிறவள் என்றால் கடைசியில் வாழாவெட்டியாகிக் கோயில் தூணில் சாய்ந்து அழ வேண்டும். வரிக்கு நாலு புள்ளி வேறு. யோசிக்கத் தெரியாத இடங்களில் எல்லாம் புள்ளி வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் விளக்கிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். ஒன்றுகூட அச்சில் வரவில்லை. அச்சில் வந்த கடிதங்களில் வாசகிகள் கண் கலங்கியிருந்தார்கள்.

டிகிரி முடித்த வருடம் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்கு ஆவடித் தொழிற்சாலையில் கிளார்க் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. ஜாதகத்தையும் போட்டோவையும் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு மாத நாவலை எடுத்து அவற்றின் மேல் வைத்தார்.

“பையன் எழுத்தாளரு. பொண்ணும் படிப்பாளியாச்சே, பட்ச்சிப் பாக்கட்டும்னு அவரே குட்த்து அனுப்பிச்சாரு. பட்ச்சிட்டு பத்ரமாத் திருப்பிக் குட்த்துடணும்.”

போட்டோவில் ஆள் லட்சணமாக இருந்தான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எழுதுகிறவன் வீட்டில் புத்தக அலமாரி இருக்கும், இரவல் வாங்க அலைய வேண்டாம், வாதாட ஓர் ஆள் கிடைப்பான் என்று நினைத்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏறக்குறைய சம்மதம். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகத் தரகரிடம் சொல்லியாயிற்று.

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டானாலும் நிலப் பத்திரமானாலும் நான் படித்துச் சொன்னால்தான் உண்டு. மாப்பிள்ளையின் நாவலையும் அப்படித்தான் அன்று சாயங்காலம் உரக்கப் படித்தேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் படுத்துக் கேட்டார்.

கதாநாயகி எம்.ஏ. படித்தவள். புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே காபியில் சர்க்கரை அதிகம் என்கிறாள். மாமியாருக்கு நெஞ்சுவலி வந்துவிடுகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் புருஷன் அறைகிறான். கடைசி அத்தியாயத்தில் அவள் தன் டிகிரி சர்டிபிகேட்டை அடுப்பில் போட்டுக் கொளுத்தி, அந்த நெருப்பில் மாமியாருக்குக் காபி கலந்து கொடுக்கிறாள். ஒரு தாள் எரிகிற நெருப்பில் பால் எப்படிக் காயும் என்பது ஆசிரியருக்கே வெளிச்சம்.

அம்மா புடைப்பதை நிறுத்தினாள். “இன்னாத்த கொளுத்துனா?”

“சர்டிபிகேட்ட.”

“ஒனக்குக் குட்த்தாங்களே, அந்த மாதிரியா?”

“அதேதான்.”

“அட கிரகச்சாரமே. நாளைக்கி வேலைக்குக் கேட்டா இன்னாத்தக் காட்டுவா?”

“வேலைக்குப் போமாட்டாம்மா. திருந்திட்டா.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். “அந்தப் பொண்ணு இன்னாதான் தப்பு பண்ணிச்சி?”

“காபில சர்க்கர ஜாஸ்தின்னு சொல்லிச்சி.”

“அதுக்கா அறைஞ்சான்?”

“நீதான நைனா இதுக்கெல்லாம் விசில் அடிப்ப?”

“சினிமால அவன் வேசம் கட்டிகினு அடிக்கிறான். துட்டு வாங்கிகினு அதுவும் அடி வாங்குது. இவன் மெய்யாலுமே நம்ம ஊட்டுக்கு வரப் போறவன்.”

இது ஒரு வாதமே இல்லை. அவர் விசிலைக் கேட்டுத்தான் இந்த கிளார்க் எழுதவே உட்கார்ந்திருப்பான். அதைச் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிபடவில்லை, மறுநாளே போய் வேறொரு படத்துக்கு விசில் அடித்துவிட்டு வந்தார். ஆனாலும் அன்று என்னைக் கேட்டார்.

“நீ இன்னா சொல்ற?”

எனக்கு அந்த அலமாரி ஞாபகம் வந்தது. அதில் இருக்கும் புத்தகங்களும் இதே லட்சணத்தில்தான் இருக்கும் என்று தோன்றியது.

“வேணாம் நைனா.”

வெள்ளிக்கிழமை தரகர் வந்தார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஜாதகத்தையும் போட்டோவையும் நாவலையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“தப்பா நெனச்சிக்காதபா. ஜாதகம் சரியா வர்ல. மத்தபடி தம்பி ரொம்ப நல்லா எழுதறாரு. பொண்ணே பட்ச்சிட்டு சொல்லிச்சி.”

ஜாதகத்தைப் பற்றிய பொய்யை நான் பொறுத்துக்கொண்டேன். அது ஊரில் எல்லோரும் சொல்கிற பொய். இரண்டாவது பொய் என் பேரில் சொல்லப்பட்டது. ஆவடியில் ஒருவன் அதை நம்பி அடுத்த நாவலை எழுத உட்கார்ந்துவிடுவான். நான் வெளியே வந்தேன்.

“ஜாதகமெல்லாம் நல்லாத்தான் கீது. கதைதான் நல்லால்ல. அவர்கிட்ட அப்டியே சொல்லிடுங்க.”

தரகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

“இன்னாமா, எந்த எடம் நல்லால்லன்னு அவரு கேட்டா நான் இன்னா சொல்றது?”

நாவலை அவர் கையிலிருந்து வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கத்துக்கு வருவதற்குள் தரகர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.