கருப்பர் விழுந்ததை யார் பார்த்தது?

எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. இந்துக் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள் தொட்டித் தண்ணீரில் நின்று, பிசாசையும் அவன் தூதர்களையும் விட்டுவிடுகிறேன் என்று சொல்வதோடு நிறுத்தக் கூடாது. குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, அது விழுந்துபோன தூதன் என்றும் அறிக்கையிட வேண்டும். பிறகுதான் போதகர் தலையை அமிழ்த்துவார். நான் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் மனைவியைக் கேட்டார்கள்.

திருமயம் பக்கத்து விவசாயக் குடும்பம் அவளுடையது. குலதெய்வம் கருப்பர். கல்யாணத்துக்குப் பிறகு அவளாகத்தான் சபைக்கு வரத் தொடங்கினாள். ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். அவளுடைய அப்பா எதிர்க்கவில்லை. ஞானஸ்நானத்தன்று தானும் வந்து உட்காருவதாகச் சொல்லிவிட்டார்.

ஆயத்த வகுப்பு புதுக்கோட்டையில், சனிக்கிழமை மாலைகளில் நடந்தது. குடும்பத்தாரும் உட்காரலாம் என்பதால் நானும் போனேன். போதகர் தெளிவாகப் பாடம் நடத்துவார். கடவுள் பிசாசைப் பிசாசாகப் படைக்கவில்லை. ஒளிமிக்க தூதனாகப் படைத்தார். அவன் பெருமை கொண்டு கடவுளுக்குச் சமமாக உட்கார நினைத்தான், தள்ளப்பட்டான், தூதர்களில் மூன்றில் ஒரு பங்கு அவனோடு விழுந்தது. இதுவரை எனக்கும் தெரியும்.

"விழுந்தவங்க எங்க போனாங்க? ஒங்க ஊர் எல்லையில அருவாளோட நிக்கிறாங்களே, அவங்கதான்" என்று அன்று முடித்தார்.

நான் செய்தித்தாளில் வேலை பார்ப்பவன். யார் சொன்னது, எங்கே சொன்னது என்று கேட்காமல் ஒரு வரியையும் அச்சுக்கு விடுவதில்லை. பிசாசின் வீழ்ச்சிக்கு ஆதாரமாக வேதாகமத்தில் காட்டப்படும் தீர்க்கதரிசனம் நேராகப் பேசுவது பாபிலோன் ராஜாவைப் பற்றி. அதில் பிசாசைக் கண்டவர்கள் பின்னால் வந்த விளக்கவுரைக்காரர்கள். அந்த வாசிப்பை நான் ஏற்கிறேன். ஆனால் கருப்பரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மனைவி ஆதாரம் தேடவில்லை. கையைத் தூக்கினாள்.

"ஐயா, பொய்க்குத் தகப்பனே பிசாசுதான்னு போன வாரம் சொன்னீங்கள்ல?"

"ஆமாம்மா."

"கருப்பர் வானத்துலருந்து விழுந்ததை நான் பாக்கலை. நீங்க பாத்தீங்களா?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இதெல்லாம் விசுவாசத்துல அறியிறதும்மா."

"பிசாசை விட்டுடுறேன், எத்தனை வாட்டி வேணும்னாலும் சொல்றேன். கருப்பரைக் கும்பிட மாட்டேன்னும் சொல்றேன். தெரியாததைத் தெரியும்னு எப்புடிச் சொல்றது?"

வகுப்பு முடிந்ததும் போதகர் என்னைத் தனியே அழைத்தார். "பிரதர், வீட்டுல சொல்லி வைங்க. பெருமைதான் மொதப் பாவம்."

"வானத்துல நடந்ததெல்லாம் தெரியும்னு சொன்னது அவ இல்லீங்களே ஐயா" என்றேன்.

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. இன்றும் நான் அதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

ஞானஸ்நான நாளில் மாமனார் வெள்ளைச் சட்டையில் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதியை அழிக்கவில்லை. மனைவி தொட்டிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பிசாசையும் அவன் தூதர்களையும் விட்டுவிடுவதாகச் சத்தமாகச் சொன்னாள். போதகர் காத்திருந்தார்.

"பேரைச் சொல்லும்மா."

"அம்புட்டுதான் ஐயா."

மீண்டும் கேட்டார். மீண்டும் அதையே சொன்னாள். அவள் தலைமேல் வைத்திருந்த கையை அவர் எடுத்துக்கொண்டார். தலைமுடி நனையாமல் அவள் படியேறி வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் மாமனார் கேட்டார்: "ஏன் ஆத்தா, சொல்லிட்டு ஒரு முங்கு முங்கி எந்திரிச்சிருக்க வேண்டியதுதானே? கருப்பருக்கு இதெல்லாம் ஒறைக்கவா போவுது?"

"அவருக்கு ஒறைக்காதுப்பா. எனக்கு ஒறைக்கும்."

"அப்ப இனிமே இங்கிட்டு வர மாட்டியா?"

"ஏன் வராம? வருவேன்."

வருகிறாள். ஒவ்வொரு ஞாயிறும் முதல் வரிசையில் உட்காருகிறாள். ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருவிருந்து அப்பத் தட்டை நீட்டுவதில்லை. அது அவளைத் தாண்டி என்னிடம் வருகிறது. நானும் எடுக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறேன். போதகர் மேடையிலிருந்து பார்க்கிறார். பார்க்கட்டும்.